புள்ளிக்கோட்டுக்குக் கீழே பிறந்தவள்

முன்பு ஒரு ஐப்பசி மாதம், மஞ்சணத்திப்பட்டித் தொடக்கப் பள்ளியின் சுற்றறிக்கைத் தாள் ஒன்றில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பிறந்தார்கள்.

மூத்தவள் செய்தி. ‘நம் பள்ளி கோ-கோ அணி வட்டாரத்தில் முதலிடம்’ என்று தடித்த எழுத்தில் தாளின் உச்சியில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்தவன் விழா. ‘வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு விளையாட்டு விழா, பெற்றோர் அனைவரும் வருக’ என்று சுற்றிலும் பூ வளையம் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். கடைக்குட்டி எச்சரிக்கை. அவளுக்கு இடமே இல்லை.

தலைமையாசிரியை ஜெபசெல்வி டீச்சர் தங்கமான மனுஷி. ஆனால் காகிதத்தை மட்டும் வீணாக்க விடமாட்டார். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அவருக்குப் பொறுக்காது. தாளின் அடியில் கத்தரிக்கோல் படம் போட்ட புள்ளிக்கோடு. அதற்குக் கீழே, பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டிய துண்டு. அந்தத் துண்டில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. டீச்சர் எச்சரிக்கையைக் கொண்டுபோய் அங்கே திணித்துவிட்டார்.

அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘பள்ளியின் மேற்குச் சுவர் மழையில் ஊறி விரிசல் விட்டிருக்கிறது. திங்கட்கிழமை இடிக்கப்படும். அதுவரை யாரும் சுவரோரம் உட்கார வேண்டாம், வண்டி நிறுத்த வேண்டாம்.’

நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள், நூற்று நாற்பத்து மூன்று நகல்கள். எச்சரிக்கைக்கு உடம்புதான் அத்தனை, உயிர் ஒன்றுதான்.

நகல்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது.

“ஏ புள்ள, கடைக்குட்டி! உன்னத்தான்.”

மேற்குச் சுவர்தான் கூப்பிட்டது.

“என்ன பெரியப்பா?”

“என் இடுப்பு விட்டுப்போச்சு. எத்தன நாளைக்கு நிப்பேன்னு எனக்கே தெரியல. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர்ச்சனம் பூராவும் என் நெழல்லதான் வந்து உக்காரும். வருசா வருசம் அப்படித்தான். அவங்க மேல நான் விழுந்துட்டா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?”

“கவலைப்படாதீங்க பெரியப்பா. ஒரு வீடு விடாமச் சொல்லிடுறேன்.”

விழா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “உன்னை யாரு வாசிப்பா? வேண்டாம், கூடாதுன்னு ரெண்டே வார்த்தை வெச்சுக்கிட்டு!”

“சும்மா இரு அண்ணே,” என்றாள் எச்சரிக்கை. உள்ளுக்குள் அவளுக்கும் கொஞ்சம் பயம்தான்.

புதன்கிழமை சாயங்காலம் தாள்கள் வீடுகளுக்குப் போயின. அட, அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு அப்பா பைக்கின் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு அம்மா மாவு பிசைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அரிசி டப்பா மூடியில் வைத்துப் போட்டாள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “எங்க போடணும்?” எதற்குப் போட வேண்டும் என்று கேட்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது.

கையெழுத்து விழுந்ததும் சரக்கென்று கிழித்தார்கள். செய்தியும் விழாவும் பிரிட்ஜ் கதவுக்கும் சாமி படத்துப் பக்கத்துக்கும் போனார்கள். எச்சரிக்கை புத்தகப் பைக்குள் போனாள்.

“ஐயா, என்னைத் திருப்பி அனுப்பாதீங்க! நான் உங்களுக்குச் சொல்ல வந்தவ!” என்று வீட்டுக்கு வீடு கதறினாள். ஒருவர் காதிலும் விழவில்லை.

வியாழக்கிழமை காலையில் துண்டுகள் எல்லாம் டீச்சரின் மேசைக்குத் திரும்பி வந்தன. அவர் எண்ணிப் பார்த்து ரப்பர் பேண்ட் போட்டார். “எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. கையெழுத்தே இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி,” என்று நிம்மதியாக அலமாரியில் வைத்தார்.

எச்சரிக்கை அந்தக் கட்டுக்குள் கிடந்தாள். யாருக்காகப் போனாளோ அவர்கள் கையெழுத்து அவள் மேலேயே இருக்கிறது. அவர்களுக்கு அவளைத் தெரியாது. இதைவிடக் கொடுமை உண்டா?

அந்த ஒரே ஒரு துண்டு பேச்சித்தாய் வீட்டில் இருந்தது.

பேச்சித்தாய் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். மகள் யாழினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளும் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது யாழினி இரண்டாம் வகுப்பு. பேச்சித்தாய், கையில் எது கிடைத்தாலும், அது சோப்பு உறையாக இருந்தாலும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்து வாசிக்காமல் விடமாட்டாள். புதுசாகக் கிடைத்த வித்தை இல்லையா!

புதன்கிழமை சாயங்காலமும் அப்படித்தான், செய்தியை முடித்து, விழாவை முடித்து, புள்ளிக்கோட்டைத் தாண்டி அவள் விரல் கீழே இறங்கியது.

“மேற்... குச்... சுவர். மழையில்... ஊறி...”

எச்சரிக்கை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து தன் பெயரைச் சொல்லி யாரோ முதல்முறை கூப்பிடுவது போல இருந்தது.

“அம்மா, சீக்கிரம் கையெழுத்துப் போடு. அந்தத் துண்டக் கிழிக்கணும்,” என்றாள் யாழினி.

“எதக் கிழிக்க? இதுலதானடி முக்கியமானது இருக்கு? இதக் கொடுத்துட்டு வெறும் விழாவ வெச்சு என்ன செய்ய?”

கையெழுத்தைப் போட்டாள். தாளைக் கிழிக்காமல், லேபிள் ஒட்டுகிற பசையைத் தடவி, வாசல் கதவில் முழுசாக ஒட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் பேச்சித்தாய்க்கு ஆள் விட்டார். அவள் பசை காய்ந்த கையோடு இரண்டேகால் மணிக்கு ஓடி வந்தாள். வெளியே ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது.

“உங்க ஒரு துண்டுதாம்மா பாக்கி. இன்னைக்குக் கணக்கு முடிக்கணும். எங்க அது?”

“கதவுல ஒட்டிட்டேன் டீச்சர்.”

“ஒட்டிட்டீங்களா? அது திருப்பிக் கொடுக்கிற துண்டும்மா!”

“அத எப்படி டீச்சர் திருப்பிக் கொடுக்க? சுவரோரம் உக்காராதீங்கன்னு அதுலதான எழுதியிருக்கு? கொடுத்துட்டா வீட்ல யாரு எங்களுக்கு ஞாபகப்படுத்துவா?” பேச்சித்தாய் அலமாரியில் இருந்த கட்டைப் பார்த்தாள். “எல்லாரும் கொடுத்துட்டாங்களா? அப்ப அவங்களுக்கு வேற தாள் கொடுத்தீங்களாக்கும்?”

டீச்சர் கட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேற்குச் சுவரின் நிழலில் அறுபது எழுபது பேர் தோள்துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் வேறு.

“ஐயையோ, நானே கிழிச்சுத் திருப்பி வாங்கிட்டேனே!” என்று கட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பேச்சித்தாயும் பின்னால் ஓடினாள்.

டீச்சர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, “எல்லாரும் சுவரை விட்டு எந்திரிங்க, வேப்பமரத்தடிக்கு வாங்க!” என்று காரணம் சொல்ல மறந்து கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. கருத்தப்பாண்டி என்பவர் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “அங்க இருந்தா ஓட்டப் பந்தயம் தெரியாது டீச்சர். நாங்க என்ன இன்னைக்கா இங்க உக்காருறோம்?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுவர் முனகியது. “தாயி, சீக்கிரம். என்னால முடியல.”

“பிடிச்சுக்கோங்க பெரியப்பா! இன்னும் கொஞ்ச நேரம்!” என்று கட்டுக்குள்ளிருந்து எச்சரிக்கை கத்தினாள்.

பேச்சித்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டை வாங்கி ரப்பர் பேண்டைப் பிய்த்து எறிந்தாள். “ஆளுக்கொண்ணு பிடிங்க! யாரோடதா இருந்தா என்ன? கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்கதான எல்லாரும், மேல என்ன இருக்குன்னு வாசிங்க!” என்று கொத்துக் கொத்தாக விநியோகித்தாள்.

டீச்சர் தேடி எடுத்த ஒரு துண்டைக் கருத்தப்பாண்டியின் கையில் திணித்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“எதுக்குப் போட்டீங்க?”

கருத்தப்பாண்டி குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் விரல் நுழைகிற விரிசல்.

“ஆத்தாடி!” என்று துள்ளி எழுந்து, பக்கத்தில் இருந்த இரண்டு குழந்தைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டார். “ஏ, எந்திரிங்கப்பா! எல்லாரும் எந்திரிங்க!”

அதற்குள் அந்த வரிசை முழுக்க வாசிக்கத் தொடங்கியிருந்தது. ஒருத்தர் சத்தமாக, ஒருத்தர் முணுமுணுப்பாக. மேற்குச் சுவர், மேற்குச் சுவர் என்று அறுபது வாயிலிருந்து எச்சரிக்கை ஒரே நேரத்தில் வெளியே வந்தாள். அடடா, அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது! தோள்துண்டுகளை உதறினார்கள், வண்டிகளைத் தள்ளினார்கள், பாட்டில்களை விட்டுவிட்டு ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் சுவரோரம் வெறிச்சோடிப் போனது.

“எல்லாரும் போயாச்சா?” என்று சுவர் கேட்டது.

“போயாச்சு பெரியப்பா. ஒரு குழந்தைகூட இல்ல.”

“நல்லா இருப்ப தாயி. அப்ப நான் படுத்துக்கிறேன்.”

மடமடவென்று சரிந்தது. புழுதி வேப்பமரத்து உச்சி வரை எழும்பியது. அடங்கியபோது இடிபாட்டுக்குள் ஒரு செருப்பும் இரண்டு தண்ணீர் பாட்டிலும்தான் கிடந்தன.

யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அடுத்து ஒரு கைத்தட்டல். அதன் பின்னாலேயே ஊரே தட்டியது, விசிலடித்தது. ஜெபசெல்வி டீச்சர் பசைக் கையையும் பார்க்காமல் பேச்சித்தாயை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கருத்தப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “டீச்சர், பந்தயத்த விடுங்க. எங்க நின்னாலும் பாக்கிறோம்,” என்றார். வேப்பமரத்தடியிலிருந்து அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கடைசியாக ஓடி வந்த பிள்ளையும் தான்தான் முதலிடம் என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த வாரச் சுற்றறிக்கை தயாரானபோது செய்தி தன் தங்கையை மரியாதையாகப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவை உன்னப் பத்தித்தான் எழுதப் போறேன். சொல்லு, எத்தன பேருக்கு அடி?”

“ஒருத்தருக்கும் இல்லக்கா.”

“சின்னக் காயம்?”

“அதுவும் இல்ல.”

“என்னடி இது? ஒண்ணுமே நடக்கலன்னா நான் எதத்தான் எழுத?”

எச்சரிக்கை வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அந்த ஒண்ணுமே நடக்காததுதான் அக்கா நான் செஞ்சது!”