சங்கு ஊதாத தூக்கம்

வெகுகாலத்துக்கு முன்னால் வெண்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட கோவேள் ராஜாவுக்கு எல்லாம் இருந்தது, தூக்கம் மட்டும் இல்லை.

தூங்காத ராஜா என்ன செய்வார்? காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் அதை ரத்து செய்வார். பட்டத்து யானைக்குப் பச்சை வண்ணம் பூசச் சொல்வார். பூசி முடிப்பதற்குள் கழுவச் சொல்வார்.

புதிதாக வந்த அமைச்சர் இளஞ்சாத்தன்தான் ஒரு வழி சொன்னான். "அரசே, பனிமலை உச்சியில் சடாமாஞ்சில் என்று ஒரு வேர் விளைகிறது. சடை பிடித்த மயிர் போல இருக்கும், வாசனை ஊரைத் தூக்கும். பெண்கள் கூந்தல் தைலத்தில் போடுவார்கள். மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர்கள் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள்."

வணிகர்கள் வேரைக் கொண்டுவந்தார்கள். ராஜா குடித்தார். தூக்கம் வரவில்லை.

அரச மரியாதைகளுக்குத் தலைவரான மகுடநாதருக்குக் கொண்டாட்டம். அமைச்சர் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்க நினைத்திருந்தவர் அவர். "அரசே, இது மருந்தே இல்லை. குதிரைக்குப் போடுகிற புல்!"

ராஜா சிவந்த கண்களோடு திரும்பினார். "பௌர்ணமிக்குள் நான் தூங்கவில்லை என்றால், இளஞ்சாத்தா, உன் தலை உன்னிடம் இருக்காது."

அன்றிலிருந்து இளஞ்சாத்தனுக்கும் தூக்கம் போயிற்று. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். கழுத்தை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டான். அப்படி ஓர் இரவு ராஜாவின் படுக்கையறைப் பக்கம் நடந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ராஜாவின் இமை மூடியதும் படுக்கையறையிலேயே சங்கு ஊதுவார்கள். 'மன்னர் துயில்கொண்டார்' என்று நாட்டுக்கு அறிவிக்கும் மரியாதை அது. ராஜா துள்ளி எழுவார்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் ராஜாவின் தாத்தா காலத்து வழக்கம் அது. "சங்கு முழங்கியும் அசையாமல் தூங்கினாரே உங்கள் தாத்தா, அவரல்லவா வீரர்!" என்று மகுடநாதர் தினமும் சொல்லிவந்தார். தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சங்குக்கு அஞ்சுகிறவர் என்று ராஜாவிடமே சொன்னால் பௌர்ணமி வரை கூடக் காத்திருக்க மாட்டார்.

மறுநாள் சபையில் இளஞ்சாத்தன் கைகூப்பினான். "அரசே, வேரில் வீரியமில்லை என்று மகுடநாதரே நிரூபிக்கட்டும். தங்கள் மஞ்சத்தில் படுத்து, தங்களுக்குரிய மரியாதைகளோடு குடித்துப் பார்க்கட்டும். தூங்காவிட்டால் இன்றே என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜ மரியாதை என்றதும் மகுடநாதரின் மார்பு விரிந்தது. "நானா தூங்குவேன்? மாலை வரை விழித்துக் காட்டுகிறேன்!"

மதியச் சாப்பாடு முடிந்தது. வேர் காய்ச்சிய பாலைக் குடித்து, அன்னத்தூவி மெத்தையில் சாய்ந்தார். திரைக்குப் பின்னால் ராஜாவும் இளஞ்சாத்தனும் சபையோரும் நின்றார்கள். மகுடநாதர் விட்டத்தை முறைத்தார். ராஜாவுக்குச் சங்கு ஊதவைத்தே தானும் தூக்கம் கெட்டவர் ஆயிற்றே! இமை சரிந்தது. மெல்லக் குறட்டை கிளம்பியது.

இளஞ்சாத்தன் கைகாட்டினான். பூம்ம்ம்!

மகுடநாதர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். "எவன்டா அவன்! மனுஷன் அசந்து தூங்கும்போது காதுக்குள் ஊதுகிறவன்! அந்தச் சங்கைப் பிடுங்கிக் குளத்தில் எறியுங்கடா!"

திரை விலகியது. "ஊதச் சொல்கிறவர் நீர்தானே, மகுடநாதரே?" என்றார் ராஜா.

மகுடநாதர் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே பாலை வாங்கிக் குடித்து மஞ்சத்தில் சாய்ந்தார். "மகுடநாதரே, இனி உமக்கு ஒரே வேலை. வாசலில் உட்கார்ந்து, தூங்குகிறவர்களை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளும். இளஞ்சாத்தா, உனக்கு நான் தரப்போகும் பரிசு..." வாக்கியம் முடியவில்லை. குறட்டைதான் வந்தது.

சபை பூனை நடை நடந்து வெளியேறியது. இளஞ்சாத்தன் கழுத்தைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தான். பாத்திரத்தில் மிச்சமிருந்த பாலைக் குடித்துவிட்டு வாசல் தூணில் சாய்ந்தான்.

மாலையில் ராஜா கண்விழித்தார். உடம்பு பஞ்சாக இருந்தது. உற்சாகத்தோடு வாசலுக்கு வந்து, "எங்கே என் அமைச்சன்? பரிசைக் கொண்டு வாருங்கள்!" என்று முழங்கினார்.

மடியில் சங்கோடு உட்கார்ந்திருந்த மகுடநாதர் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாக, அரசே! அமைச்சர் தூங்குகிறார்."