வெள்ளம் வராத நோவா நாடகம்

மலையடிக் காட்டில், அல்லிக் குளத்தங்கரையில், மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டன. நாடகத்தைக் கட்டியவள் ஞானப்பூ என்ற மைனா. காட்டோரத்து மாதா கோயிலின் மணிக்கூண்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகள் படிக்கும் வேதக் கதைகளும் பாட்டுகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தக் கதைகளில் அவள் எடுத்துக்கொண்டது நோவா கதை. வெள்ளம் வந்து உலகமே மூழ்கப் போகிறது என்று ஆண்டவர் நோவாவை எச்சரிக்கிறார். நோவா கப்பல்போலப் பெரிய பேழை ஒன்றைச் செய்து, தன் குடும்பத்தோடு எல்லா மிருகங்களையும் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொள்கிறார். கதவு அடைபடுகிறது. மழை கொட்டுகிறது. வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க நோவா முதலில் காகத்தை அனுப்புகிறார்; அது தகவல் கொண்டுவராததால் புறாவை அனுப்புகிறார். தண்ணீர் வடிந்ததும் கதவு திறந்து, எல்லோரும் ஈர மண்ணில் கால் வைக்கிறார்கள். மிருகங்கள் நடிக்க இதைவிடத் தோதான கதை எங்கே கிடைக்கும்?

கரடி நோவா ஆனான். விழுந்து கிடந்த இலவமரத்துப் பொந்து பேழை ஆனது. ஞானப்பூ மூன்று மாதம் தொண்டை வறளப் பழக்கினாள். “குட்டி குருமான்களோடு குடும்பமாக வாருங்கள்!” என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பினாள்.

முதல் ஞாயிறு மாலை கூட்டம் அலைமோதியது. பேழையின் கதவு அடைபட்டதும், குரங்குகள் காய்ந்த வாகை நெற்றுகளைக் கொத்துக் கொத்தாக உலுக்கின. சடசடவென்று மழை பெய்வதுபோலவே இருந்தது. கரையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசியில் கதவு திறந்து, “மண்ணே, மண்ணே, வந்துவிட்டோம்!” என்று எல்லோரும் பாடிக்கொண்டு இறங்கியபோது, காடே கூவியது.

அந்தப் பாட்டு மலைச்சரிவில் இருந்த மொட்டைப் பாறைவரை கேட்டது. பாறைமேல் செவந்தி என்ற வெள்ளெலி உட்கார்ந்திருந்தாள். போன வருஷ வெள்ளம் அவளுடைய வளைக்குள் புகுந்து, கண் திறக்காத நாலு குஞ்சுகளையும் கொண்டுபோய்விட்டது. அன்று பாறையில் ஏறியவள்தான், இன்னும் இறங்கவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் பிள்ளை. பத்து நாளில் பிரசவம். பாறையில் பெற்றால் பருந்து விடாது. கீழே இறங்கி வளை தோண்டினால்தான் பிள்ளைகள் பிழைக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மண்ணில் கால் வைக்க நினைத்தாலே அந்த வெள்ளம் கண்முன் வந்தது.

நாடகம் முடிந்து வீடு திரும்பிய ஞானப்பூவை அவள் கூப்பிட்டாள்.

“ஏம்மா, வெள்ளத்துக்கு அப்புறம் அவங்க நெசமாவே வெளிய வந்தாங்களா?”

“வந்தாங்களே அக்கா! ஒருத்தர் பாக்கி இல்லாம!”

“அதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டேன்னா நானும் எறங்கிருவேன்னு தோணுது. மறுபடி எப்பம்மா?”

“அடுத்த ஞாயிறு! உங்களுக்கு முன்னாடியே இடம் போட்டு வைக்கிறேன்!” என்றாள் ஞானப்பூ. அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையிலேயே வந்தது வினை. முதலில் வந்தது காகம்.

“வெள்ளம் வடிஞ்சுதான்னு பார்க்க மொதல்ல அனுப்பினது யாரை? எங்க இனத்தை! ஆனா நாங்க தகவல் சொல்லாம சுத்தினோம்னு ஊருக்கு முன்னாடி காட்டிட்டே! புறாவுக்கு மட்டும் தனிப் பாட்டு! தூக்கு அந்தக் காட்சியை!”

பின்னாலேயே முயலம்மா ஓடி வந்தாள். “குடும்ப நாடகம்னுதானே சொன்னே? அவ்வளவு தண்ணியைக் காட்டினா பிள்ளைங்க பயப்படாதா?” என்று கண்ணைக் கசக்கினாள். அவளுடைய ஏழு பிள்ளைகளும் அந்நேரம் புல்வெளியில் வெள்ளம் வருகிற விளையாட்டு விளையாடிக் குதூகலித்துக்கொண்டிருந்தன. தாய்க்கு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிறவளுக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஏது நேரம்?

அடுத்து வரையாட்டுப் பெரியவர் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தார். “வேதக் கதையில குரங்கு குதிக்கிறதா? நோவா எந்த வசனத்திலம்மா பாட்டுப் பாடினார்? பக்தியே இல்லை!”

“பக்தியே இல்லையா? பக்தியைத் தவிர அதில் வேறென்ன இருந்தது!” என்று புதருக்குள்ளிருந்து நரி குரல் கொடுத்தான். “பாட்டு நாடகம்னு கூப்பிட்டுட்டு வேதப்பாடம் நடத்துறாங்க!”

“நீங்க எங்க அண்ணே உட்கார்ந்திருந்தீங்க? நான் பார்க்கவே இல்லையே!” என்றாள் ஞானப்பூ.

“நான் எங்கே வந்தேன்? வந்தவங்க சொன்னாங்க. இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்லணுமா என்ன!”

நாடகத்தைப் பார்க்காத நரிக்குத்தான் நாடகத்தைப்பற்றி நிறையத் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்குள் காடு இரண்டு கட்சி ஆனது. அந்தக் கூச்சல் மொட்டைப் பாறைவரை கேட்டது. பக்தி அதிகம் என்று ஒரு கட்சி, பக்தி போதாது என்று ஒரு கட்சி. ஒரே மரத்தில் கூடு கட்டியவர்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாடகம் பிடித்திருந்தது. ஆனால் பிடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிடிக்காதவர்கள் மட்டும் குளக்கரையைவிட்டு நகரவில்லை.

ஞானப்பூவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒருவர் முகம் சுளித்தால் போதும், அவளுக்கு இரை இறங்காது. காட்டில் இருக்கிற எல்லா வாயும் தன்னை மெச்ச வேண்டும் என்று ஆசை.

“இவ்வளவுதானே! சின்னச் சின்னதாக் கொஞ்சம் மாத்திக்கலாம்!” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காகத்துக்காகக் காகத்தை எடுத்தாள். காகம் போனபின் புறா மட்டும் எதற்கு? புறாவும் போயிற்று. புதன்கிழமை முயலம்மாவுக்காக வெள்ளம் போயிற்று. வெள்ளமே இல்லை என்றான பிறகு மழை எதற்கு? வாகை நெற்றுகளைக் குளத்தில் போட்டார்கள். வியாழக்கிழமை வரையாட்டுப் பெரியவருக்காகக் குரங்குகளை உட்கார வைத்தாள். வெள்ளிக்கிழமை நரிக்காக ஆண்டவர் பேசுகிற காட்சியையே தூக்கினாள்.

சனிக்கிழமை கரடி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “ஏ ஞானப்பூ! ஆண்டவரும் பேசல, மழையும் வரல. நான் எதுக்கு இந்தப் பேழையைச் செய்யுறேன்?”

“சும்மா செய்யுங்க மாமா! எல்லாரும் உள்ள ஏறி உட்கார்ந்து, ‘எல்லோரும் நல்லவரே’ன்னு பாடுங்க. யார் மனசும் புண்படாது!”

“அப்போ கதவு?”

“கதவை அடைச்சாப் பிள்ளைங்க பயப்படும். தொறந்தே இருக்கட்டும்!”

ஞாயிறு மாலை வந்தது. செவந்தி வயிற்றைத் தூக்கிக்கொண்டு, பாறையிலிருந்து அடிமேல் அடி வைத்து இறங்கி வந்தாள். வழியெல்லாம் நின்று நின்று மண்ணை முகர்ந்தாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பியும் போய், மறுபடி வந்தாள். முன்னால் உட்கார்ந்து, பேழையின் கதவையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

கரடி பேழையைச் செய்தான். எல்லோரும் ஏறினார்கள். உட்கார்ந்தார்கள். “எல்லோரும் நல்லவரே” என்று பாடினார்கள். அவ்வளவுதான். நாடகம் முடிந்துவிட்டது.

கரையில் கொட்டாவி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

செவந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். “வெள்ளம் எங்க?” என்று கேட்டாள். “கதவு எப்பத் தொறக்கும்?” என்று கேட்டாள். அடைக்காத கதவு எப்படித் திறக்கும்? அவள் எழுந்து, வந்த வழியே மெல்லத் திரும்பி நடந்தாள்.

அதற்குள் நம்முடைய நாட்டாமைகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“காகமே இல்லாத நோவா கதையா? எங்க இனத்தையே அழிச்சிட்டாங்க!” என்று கத்தியது காகம்.

“என் பிள்ளைங்க பாதியிலேயே தூங்கிருச்சு. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?” என்றாள் முயலம்மா.

“ஆண்டவரே இல்லாத வேத நாடகம்! நாசமாய்ப் போக!” என்றார் வரையாட்டுப் பெரியவர்.

“உப்புச் சப்பில்லைன்னு நான் அன்னைக்கே சொல்லலே?” என்றான் நரி. இந்தத் தடவையும் அவன் கடைசிப் பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

ஞானப்பூவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. செவந்தியின் பின்னாலேயே பறந்தாள். பாறை அடிவாரத்தில் அவளை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நில்லுங்க! வெள்ளம், மழை, கதவு எல்லாத்தையும் இங்கேயே உங்களுக்குப் பாடிக் காட்டுறேன். உங்களுக்கு மட்டும்!”

செவந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. அது ஞானப்பூவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“வேணாம்மா. போன வாரம் பாறையில உட்கார்ந்து கேட்டப்போ, அது நெசமா நடந்ததுன்னு நம்பினேன். நாலு பேர் கத்தினதுக்கே அந்த வெள்ளத்தைத் தூக்கி எறிஞ்சிட்டியே. நீயே நம்பாத கதையை நம்பி, நான் எப்படிம்மா மண்ணுல குழி தோண்டுவேன்?”

ஞானப்பூ வழியைவிட்டு விலகி உட்கார்ந்தாள்.

செவந்தி மூச்சு வாங்க வாங்கப் பாறைமேல் ஏறினாள். உச்சியில் பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கீழே குளக்கரையில், நாடகம் கெட்டது யாரால் என்று நாலு பேரும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்தார்கள்.

குறை சொல்லவே வருகிறவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகத் தன் கதையை வெட்டுகிறவர், அந்தக் கதை தேவைப்பட்டு வந்தவரைக் கைவிட்டுவிடுகிறார்.