அசையாத தண்ணீரில் ஓர் அலை

"நம்ம கடல்ல அலைக்கு வலு இல்லைன்னு எழுதித் தரச் சொல்றார் டைரக்டர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடவா மேடம்?"

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. கோவையில் பம்புசெட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய மெகருன்னிஸாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார்.

மெகருன்னிஸா ஆய்வுக்கூடத்தின் நீளமான தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். ஒரு கோடியில் இயந்திரம் அலை எழுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் தணிகாசலம் செய்த மிதவை, அதோடு கம்பியால் இணைத்த ஒரு பல்பு.

"மிதவை எப்படி சார்?"

"அலை ஏறினா ஏறுது. இறங்கினா இறங்குது. சொன்ன பேச்சு கேக்குது. பல்பு மட்டும் எரியலை."

மெகருன்னிஸா இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் அடங்கியது.

"இப்ப உங்க மிதவையை ஓர் அலை எழுப்பச் சொல்லுங்க."

"இது அலைகிட்டேருந்து வாங்கற கருவி மேடம். எழுப்பறதுக்கு இல்லை."

"சொல்லுங்க."

தணிகாசலம் மிதவைக்குக் கரண்ட் கொடுத்தார். அது மேலும் கீழும் ஆடியது. சின்னதாக ஒரு நெளிவு கிளம்பி, ஒரு முழம் போவதற்குள் செத்தது.

"அலை எழுப்பத் தெரியாத மிதவை அலைகிட்டேருந்து வாங்கவும் வாங்காது சார். இது அங்கே இருக்கறதே அலைக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மெகருன்னிஸா போய்விட்டார்.

தணிகாசலம் கையெழுத்துப் போடவில்லை.

மிதவையை அறுத்தார். முன்பக்கத்தைச் சரிவாக்கினார், முதுகை உருண்டையாக்கினார். நான்கு முறை தவறியது. ஐந்தாவது மிதவை, அசையாத தண்ணீரில் தானே ஓர் அலையை எழுப்பி, எதிர்ச்சுவர்வரை அனுப்பியது.

அன்று டைரக்டரே வந்து நின்றார். "இன்னுமா எழுதலை?"

மெகருன்னிஸா அலை இயந்திரத்தைப் போட்டார்.

அலை வந்தது. மிதவை அதை முட்டியது. மிதவையின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அலுங்காமல் கிடந்தது.

பல்பு எரிந்தது.

டைரக்டர் பல்பைப் பார்க்கவில்லை. "இந்த ஆராய்ச்சியை மூடணும்னு மேலிடத்துல முடிவெடுத்தாச்சு. போடுங்க கையெழுத்தை."

"மாட்டேன்" என்றார் தணிகாசலம். குரல் நடுங்கியது. அதனால் இன்னொரு முறை சொன்னார். "மாட்டேன் சார். குறை என் மிதவையில இருந்தது. அதைக் கடல்மேல போட மாட்டேன்."

"தொட்டித் தண்ணியில எரிஞ்சா ஆச்சா? பெரிய அலை வந்தா இது தாங்குமா?"

தணிகாசலம் மெகருன்னிஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அலை இயந்திரத்தின் விசையைக் கடைசிவரை திருப்பினார்.