கல்லுக்குள் படுத்திருந்த மீன்

“யாரடா அவன்? என் கல்லுக்குள்ளே மீனை வைத்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் எவன்? தைரியம் இருந்தால் எதிரே வா!”

லாம்போன் போட்ட சத்தத்தில், சரிவில் மேய்ந்த ஆடுகள் தெறித்து ஓடின.

கிரேக்கக் கடற்கரையில், ஒரு துறைமுகத்துக்கு மேலே இருந்தது அந்த மலை. கல் சுமக்கும் கூலியாக அதில் ஏறியவன் லாம்போன். பேரம் பேசிப் பேசியே அங்கிருந்த கல்குவாரியைத் தனதாக்கிக்கொண்டான். தலை நரைத்த பிறகு, உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. தன்னைவிட மிக இளையவரான மேலாந்தஸ் என்ற தத்துவ ஆசானிடம் சீடனாகச் சேர்ந்தான்.

அன்று காலை அவன் பிளந்த பாறைக்குள் ஒரு மீன் படுத்திருந்தது. முள், வால், செதில், எல்லாமே கல்.

கோயில் பூசாரி வந்து பார்த்தார். “கடல் தெய்வம் கோபத்தில் இதைக் கல்லாக்கியிருக்கிறது. இன்றைக்கே குவாரியை மூடியாக வேண்டும்” என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிவரப் போனார்.

“ஆசானே, தெய்வமாவது ஒன்றாவது! எனக்கு ஆகாத எவனோ வைத்த மீன் இது” என்று, பக்கத்தில் நின்ற மேலாந்தஸிடம் பொருமினான் லாம்போன்.

“பாறையைப் பிளந்தது யார்?” என்று கேட்டார் மேலாந்தஸ்.

“நான்தான். என் கையால்.”

“பிளக்கும் முன் ஓட்டை ஏதும் இருந்ததா?”

“ஊசி நுழைய இடமில்லை.”

“கெட்டிக்கார எதிரிதான் உமக்கு. வாரும், கீழே போவோம்.”

ஆறு கடலில் சேரும் இடத்தில், வெள்ளம் வடிந்த சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேலாந்தஸ் ஒரு பாளத்தைப் பெயர்த்து முழங்காலில் வைத்து உடைத்தார். உள்ளே ஒரு பொடிமீன், காய்ந்து கிடந்தது.

“இதை வைத்தது யார்?”

“யார் வைப்பாங்க? வெள்ளம் வந்தது, சேறு மூடியது, வெள்ளம் வடிந்தது. இதுக்குப் போய் ஒரு ஆளா வேணும்?”

சொன்னவன் வாயை மூட மறந்தான். சேற்றைப் பார்த்தான். மலையைப் பார்த்தான்.

“ஆசானே... அவ்வளவு உயரத்திலா?”

மேலாந்தஸ் சிரித்தார்.

இளவட்டம் போல மலையேறி ஓடினான் லாம்போன். கடப்பாரையை எடுத்துப் பாறை பாறையாகப் பிளந்தான். சிப்பி. அதற்குக் கீழே நண்டு. அதற்கும் கீழே நத்தை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல் போட்டான்.

பூசாரி ஆட்களோடு வந்து சேர்ந்தார். லாம்போன் நத்தையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“சாமி, மீன்மேல் கோபம், சரி. நண்டுமேல் கோபம், அதையும் ஒத்துக்கிறேன். இந்தத் துளியூண்டு நத்தை தெய்வத்தை என்னங்க பண்ணிச்சு?”

மண்வெட்டியோடு வந்த ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும். பூசாரி உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“அப்படியென்றால் இது எப்படியப்பா இங்கே வந்தது?”

“கடல் இங்கேதான் இருந்திருக்கு, சாமி! நாம நிக்கிற இதே இடத்தில்! கீழே வாங்க, சேற்றைக் காட்டுறேன்.”

பூசாரி நத்தையை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “மண்வெட்டியைக் கீழே போடுங்கள்” என்றார் ஆட்களிடம். “குவாரி இருக்கட்டும். நத்தை எனக்கு.”

லாம்போனுக்குத் தலைகால் புரியவில்லை. மலை விளிம்புக்கு ஓடி, கீழே மின்னிக்கொண்டிருந்த கடலைப் பார்த்துக் கத்தினான்.

“ஏய்! நீதானா அந்த ஆள்? உன் சாமானையெல்லாம் என் கல்லில் போட்டுவிட்டா போனாய்? மரியாதையாக மேலே வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போ!”

பின்னாலேயே மலையேறி வந்திருந்த மேலாந்தஸ் அவன் தோளைத் தொட்டார்.

“மெதுவாகச் சொல்லும், லாம்போன். வந்துவிடப் போகிறது.”