கொழுக்கட்டையில் விரல் தடம் பதிந்த கதை

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. தெய்வமும் கேட்டதற்கு மறுமொழி சொல்லிற்று. அப்போது ஆற்றோரத்தில் மருதங்கரை என்றொரு சிற்றூர் இருந்தது. ஊர் நடுவே, அரசமரத்தின் நிழலில், ஆனைமுகப் பெருமான் எழுந்தருளியிருந்தார். சதுர்த்திதோறும் அவருக்குக் கொழுக்கட்டை படைப்பது அவ்வூரார் வழக்கம். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு செய்வார்கள்.

அந்நாளைய கொழுக்கட்டை இன்று நாம் காண்பது போன்றதன்று. முத்தை உருட்டி வைத்தாற்போல், ஒரு கீறலோ பள்ளமோ இல்லாமல், வழவழவென்று இருக்க வேண்டும். மாவைப் பிசைகிறவள் கை தவிர வேறு கை அதில் படலாகாது. நிவேதனம் ஆகும்வரை அதை வாயில் வைக்கலாகாது என்பதோடு நில்லாமல், மோந்து பார்ப்பதும் கூடாது என்று விலக்கி வைத்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் பொறுப்பு மூஞ்சூற்றினுடையது. பெருமானுக்கே வாகனம் அல்லவா? சதுர்த்தியன்று முறைக்காரர் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து, பானை பானையாக மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

"பிறர் மோக்கக்கூடாது என்கிறீர், நீர் மட்டும் மோக்கலாமோ?" என்று அணில் ஒருமுறை கேட்டது.

"நீங்கள் மோந்தால் அது ஆசை. நான் மோந்தால் அது உத்தியோகம்" என்று மூஞ்சூறு மீசையை நீவிக்கொண்டது.

அவ்வூரில் வண்டார்குழலி என்பவள் வாழ்ந்தாள். கணவன் உப்பு விற்கத் தொலைவூர் போயிருந்தான். படுக்கையில் கிடந்த மாமனாரையும், இளநங்கை என்ற தன் சிறு மகளையும் அவளே காத்து வந்தாள். அந்த ஆண்டு மழை தொடங்கியபோது, வீட்டுக்குப் பின்னால் நின்ற பனைமரத்தின்மேல் இடி விழுந்தது. மரம் இரண்டாகப் பிளந்ததைக் குழந்தை கண்ணால் கண்டாள். அதன்பின் அவள் பேசவில்லை. எந்த ஓசை கேட்டாலும் இரு கையையும் இறுக மூடிக்கொண்டு வீரிட்டு அழுவாள். உலக்கை இடித்தால் அழுகை. கதவு சாத்தினால் அழுகை. சென்ற சதுர்த்தியில் கோயில் பெருமணி ஒலித்தபோது அவள் அழுத அழுகையில் ஊர்க் குழந்தைகள் அத்தனையும் சேர்ந்து அழுதன. கோயில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடிற்று.

ஊரார் கூடிப் பேசினார்கள். அவர்களில் மூத்தவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "அம்மா வண்டார்குழலி, பூசைக்கு மணி அடிக்காமல் இருக்க முடியாது. வருகிற சதுர்த்தியிலும் குழந்தை இப்படி அழுதால், அக்கரையில் உன் தமையன் வீட்டில் கொண்டுபோய் விடு. அங்கே மணியும் இல்லை, மத்தளமும் இல்லை. மழைக்காலம் கழிந்ததும் அழைத்து வந்துவிடலாம்."

மழை வலுத்ததும் ஆறு பெருகிவிடும்; பிறகு ஓடம் ஓடாது. மாமனாரை விட்டுவிட்டு அவளும் உடன் போக முடியாது. பேச்சு மறந்த குழந்தையைக் கண்ணில் காணாமல் அத்தனை நாள் எப்படி இருப்பது? அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

சதுர்த்தி வந்தது. அம்முறை படையல் செய்ய வேண்டியவளும் அவளேதான். செய்தி அறிந்த அவள் தமையன் நீலகண்டன் பொழுது சாய்வதற்குள் ஓடத்தோடு வந்து, வாயிற்படியில் துடுப்பைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அடுப்பில் வெல்லம் கரைத்த நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். வண்டார்குழலி ஒரு கையால் அவளை அணைத்து, மறு கையால் அரிசி மாவைத் தூவினாள்.

அழுகையைக் கேட்டு அண்டை அயலில் இருந்த பிராணிகள் உதவ வந்தன.

"தள்ளி நில்லுங்கள், இது என் வேலை" என்று குரங்கு உறியிலிருந்து உறிக்குத் தாவி, தலைகீழாகத் தொங்கிக் காட்டிற்று. குழந்தை இன்னும் உரக்க அழுதாள்.

"உன் முகத்தைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது" என்றது மைனா. "அவள் கேட்ட ஓசையையே கேட்டுக் கேட்டுப் பழகினால் பயம் தெளியும்." இப்படிச் சொல்லிவிட்டு, இடி இடிப்பது போலவே குரல் கொடுத்தது. குழந்தை அழுத அழுகையில் நீலகண்டன் எழுந்து வந்துவிட்டான்.

"குழலி, நீ படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. கொடு, நான் அழைத்துப் போகிறேன். விளக்கு வைப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிடுவோம்."

"கொஞ்சம் பொறு அண்ணா. மாவைப் பிசைந்து முடித்துக்கொள்கிறேன்."

"முடித்தபின் மட்டும் மனம் வருமா உனக்கு?"

அவள் குழந்தையை அருகில் இருத்திவிட்டு, வெந்த மாவை வாழையிலையில் கொட்டினாள். ஏலப்பொடி தூவினாள். வெட்டிவேர் ஊறிய நீரைத் தெளித்தாள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, சூடு ஆற ஆறப் பிசையத் தொடங்கினாள். மணம் அடுக்களை முழுதும் பரவிற்று. அந்த மணத்தின் பின்னாலேயே மூஞ்சூறும் வந்து சேர்ந்தது.

"ஏலம் சற்றுக் குறைவு. எண்ணெய் சரி. பதம் நன்று" என்று அது தலையசைத்தது. பிறகு சட்டென்று நின்றது. "அங்கே பார். உன் மகள் கை எங்கே போகிறது?"

குழந்தையின் மூடிய கைகளில் ஒன்று திறந்திருந்தது. சுட்டுவிரல் மாவின் ஓரத்தை மெல்லத் தொட்டது. தொட்ட கணத்தில் அழுகை பாதியில் நின்றது.

"எடு, எடு. அவள் கையை எடு" என்று மூஞ்சூறு பதறிற்று. "ஓரத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிடலாம். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்."

வண்டார்குழலி குழந்தையின் கையை எடுத்தாள். குழந்தையின் உதடு மீண்டும் பிதுங்கிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. தாய் அதைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், கோயில் இருக்கும் திசையையும் ஒருமுறை பார்த்தாள்.

"பெருமானே, நீர் கொஞ்சம் காத்திருந்தாலும் பொறுப்பீர். இவளால் பொறுக்க முடியவில்லை" என்று சொல்லி, இளஞ்சூடாக இருந்த அந்தப் படையல் மாவிலிருந்து நல்ல உருண்டையாக ஒன்றைக் கிள்ளி, மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

குரங்கு தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டது. மூஞ்சூறு முன்னங்காலால் கண்ணைப் பொத்திக்கொண்டது.

குழந்தை உருண்டையை அழுத்தினாள். அது விரலிடுக்கில் பிதுங்கி வந்தது. மீண்டும் உருட்டினாள், மீண்டும் அழுத்தினாள். மூக்கருகில் கொண்டுபோய் நெடிய மூச்சு ஒன்று வாங்கினாள். தோள் தளர்ந்தது, புருவம் இளகிற்று. குரங்கு வியப்பில் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிவிட, அது ஊரே கேட்க உருண்டது. குழந்தை திடுக்கிட்டாள். கையிலிருந்ததை ஓர் இறுக்கு இறுக்கினாள். அழவில்லை.

"அழவில்லை" என்றான் நீலகண்டன், தன் கண்ணைத் தானே நம்பாமல்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றது மூஞ்சூறு. "மாவு தீட்டுப்பட்டுவிட்டது. நான் பெருமானிடம் சொல்லியே ஆக வேண்டும்."

"நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்" என்றாள் வண்டார்குழலி. "வேறு மாவு இல்லை. இதைத்தான் கொண்டு வருகிறேன்."

மூஞ்சூறு வாய்க்கால் வரப்பெல்லாம் தாண்டிக் கருவறைக்குள் ஓடிற்று.

"சுவாமி, பெரும் பிழை நேர்ந்துவிட்டது. தேவரீருக்குப் பிசைந்த மாவைத் தாயே எடுத்துக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள்."

"மாவு கெட்டுவிட்டதா?" என்று பெருமான் கேட்டார்.

"கெடவில்லை சுவாமி. மணம்கூட நன்றாகத்தான் இருக்கிறது."

"குழந்தை அழுகிறாளா?"

"இல்லை. அதுதான் அதிசயம்."

"பின் பிழை எங்கே இருக்கிறது?"

"விரல் தடம் சுவாமி. உருண்டை முழுதும் விரல் தடம்."

பெருமான் துதிக்கையை ஒருமுறை சுருட்டி நீட்டினார். "மூஞ்சூறே, நான் எவ்வாறு பிறந்தேன் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? உலகம் அறிந்ததாயிற்றே. அம்மை நீராடப் புகுமுன், திருமேனியில் பூசியிருந்த நறுஞ்சாந்தை வழித்தெடுத்து, உருட்டிப் பிசைந்து..." என்று உற்சாகமாகத் தொடங்கிய மூஞ்சூறு, அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திவிட்டாய்? பிசைந்தபோது அம்மையின் விரல் பட்டிருக்குமா, பட்டிராதா?"

"பட்டிருக்கும் சுவாமி."

"அந்தத் தடத்தோடுதான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். தாய் கையில் பிசைபட்ட மணமுள்ள மாவுதான் நானும். அதனால்தான் என்னருகில் வந்தவர்க்கு மனம் அமைகிறது. நீ என் காலடியில் இத்தனை காலம் இருக்கிறாய்; என் தொந்தியை ஒருநாளாவது உற்றுப் பார்த்ததில்லையே."

மூஞ்சூறு உற்றுப் பார்த்தது. என்ன கண்டதென்று அது ஒருவருக்கும் சொல்லவில்லை. மீசை மட்டும் தொங்கிப்போயிற்று.

வெளியே, வண்டார்குழலி அவித்த கொழுக்கட்டைகள் அடுக்கிய தாம்பாளத்தோடும், உருண்டையைக் கையில் வைத்திருந்த மகளோடும் வந்து நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் ஊரார் முன் சொன்னாள். கூட்டம் முணுமுணுத்தது. குருக்கள் தாம்பாளத்தை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். "முதலில் மணி அடிக்கட்டும். குழந்தை என்ன செய்கிறாள் பார்ப்போம்" என்றார் மூத்தவர்.

பெருமணி ஒலித்தது. குழந்தையின் முகம் வெளுத்தது. கூட்டத்தில் இருந்த தாய்மார் தம் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். நீலகண்டன் மட்டும் ஓடம் கட்டிய துறையைத் திரும்பிப் பார்த்தான். இளநங்கை கையிலிருந்த உருண்டையைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினாள். மணி அடித்து ஓயும்வரை இறுக்கிக்கொண்டே நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் அது வழியவில்லை.

ஓசை அடங்கியதும் அவள் கையை விரித்தாள். நான்கு விரலும் அழுந்திய தடத்தோடு உருண்டை நீண்டு கிடந்தது. அவள் எட்டி, வழவழப்பான கொழுக்கட்டைகளின் நடுவே அதை வைத்தாள்.

"சாமிக்கு" என்றாள்.

இடி விழுந்த நாளுக்குப் பின் அவள் பேசிய முதற்சொல் அது. வண்டார்குழலி மகளை வாரி எடுத்து, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இதை எப்படி நான் உள்ளே..." என்று குருக்கள் தயங்கினார்.

"தாராளமாகக் கொண்டு வாரும்" என்று கருவறை வாயிலிலிருந்து ஒரு குரல் வந்தது. மூஞ்சூறு நின்றுகொண்டிருந்தது. "அதை முதலில் வையும். மற்றவை பிறகு."

"ஒரு கீறல்கூட இருக்கலாகாது என்று எங்களை ஆட்டிவைத்தது நீர்தானே?" என்றார் மூத்தவர்.

"அது சற்று முன்பு வரை" என்றது மூஞ்சூறு. "இனிமேல் விரல் தடம் இல்லாமல் வழவழவென்று எவராவது கொண்டுவந்தால், நான் உள்ளே விடமாட்டேன். பெருமானின் ஆணை."

குருக்கள் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை வாங்கினார். நீலகண்டன் ஆற்றுத்துறைக்குத் தனியே நடந்தான். அவன் தனியே போவதைக் கண்டு மகிழாதவர் அவ்வூரில் இல்லை.

அன்று முதல்தான், பிடி கொழுக்கட்டையில் நான்கு விரலின் தடமும் அழுந்தி நிற்கிறது. படையலுக்கு மாவு பிசைகிற வீட்டில், முதல் உருண்டை சிணுங்குகிற குழந்தையின் கைக்குப் போகிறது, இரண்டாவது உருண்டைதான் பெருமானுக்கு.