ஆறு கட்டையில் ஓர் அழுகை

வேதவல்லி இருபது வருடம் கச்சேரி செய்தவர். ஐம்பத்திரண்டாவது வயதில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டார். போன வருடம் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். அதனால் இந்த ஜூனில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ரெஜினாவிடம் வெட்கத்தை விட்டுச் சிஷ்யையாகச் சேர்ந்தார்.

ரெஜினா ஒரு தொடக்கப் பள்ளியின் பாட்டு டீச்சர். குரல் சுமார்தான். ஆனால் அவர் வகுப்பில் பாடாத பிள்ளை இல்லை என்று ஊரில் பேச்சு.

பள்ளி திறந்து நான்காம் நாள். ஒன்றாம் வகுப்பில் தன்ஷிகா என்ற சிறுமி மூன்று நாளாக ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். இன்றும் அழுதால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அவள் அப்பா வேலைக்குப் போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

வேதவல்லியையே தொடங்கச் சொன்னார் ரெஜினா. அவர் சுருதிப் பெட்டியைத் தன் வழக்கமான ஐந்து கட்டையில் வைத்து 'ஸா' பிடித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தன்ஷிகா 'ஆ' என்று அலறினாள். வேதவல்லி குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை போகும் குரல், ஐந்து வயதுப் பெண்ணிடம் தோற்றது.

"வெளிய கூட்டிட்டுப் போயிடட்டுமா டீச்சர்?"

ரெஜினா கையமர்த்தினார். தலையைச் சாய்த்து அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பெட்டியின் திருகைத் திருப்பினார். சுருதி மெல்ல ஏறி ஆறு கட்டையில் நின்றது. தன்ஷிகாவின் 'ஆ' அதில் அப்படியே போய்ச் சேர்ந்தது.

"தன்ஷிகா ஆரம்பிச்சுட்டா. எல்லாரும் அவகூட சேர்ந்துக்குங்க."

பிள்ளைகள் 'ஆ' என்றார்கள். அந்த உயரம் அவர்களுக்கு எளிதாக வந்தது.

தன்ஷிகா திகைத்து நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவளே மறுபடி 'ஆ' என்றாள். இந்தத் தடவை கண்ணீர் இல்லை.

வாசலில் எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியை, கேட்டுக்குப் போய் அவள் அப்பாவை வேலைக்கு அனுப்பிவைத்தார். வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சுருதி சேர்ந்ததை அவர் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

மாலையில் சொன்னார்: "இத்தனை வருஷம் பாடியிருக்கேன். அந்த அழுகையில சுருதி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே டீச்சர்."

ரெஜினா பெட்டியைத் துடைத்து உறையில் போட்டு அவரிடம் நீட்டினார். நாளை வகுப்பை அவரே தனியாக எடுக்க வேண்டும் என்றார்.

"நாளைக்கு யாரும் அழலைன்னா, எந்தக் கட்டையில வைக்கிறது?"

"கடைசி வரிசையில ரெட்டைச் சடை போட்டு ஒரு பொண்ணு இருக்காம்மா. நாலு நாளா வாயே திறக்கலை. அவ திறக்குற வரைக்கும் பெட்டியைப் போடாதீங்க."