பன்னிரண்டு வளைவுகள்

பகலிலும் வேலை செய்யும் மலை உச்சித் தொலைநோக்கியில் வெள்ளிக் கிரகத்தின் காற்றை அலசி, ஒரு வாயுவைத் தேடிக்கொண்டிருந்தார் தணிகாசலம். உயிர் இருந்தாலொழிய அந்த வாயு அங்கே உண்டாக வழியில்லை என்று பேச்சு. ஐம்பத்திரண்டு வயதில் கல்லூரி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டி இன்பவல்லிக்கு முப்பத்தெட்டு. மாணவர் குருவை மேடம் என்பதும், குரு மாணவரை சார் என்பதும் மலையில் எல்லோருக்கும் சிரிப்பு.

அன்று பகல் மூன்று மணிக்குத் தணிகாசலம் வரைபடத்தோடு இன்பவல்லியிடம் வந்து நின்றார். கிரகத்தின் ஒளி நம் காற்றைக் கடந்து வரும்போது அதில் அலையலையாக நெளிவுகள் விழும். அவற்றின் மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்திக் கழித்திருந்தார். மிச்சத்தில், அந்த வாயு இருந்தால் ஒளியை விழுங்கியிருக்கக்கூடிய இடத்தில் ஒரு பள்ளம்.

இன்னொரு குழுவும் இதையேதான் தேடுகிறது, ஐந்து மணிக்குள் கட்டுரையை அனுப்பாவிட்டால் மூன்று வருட உழைப்பு அவர்கள் பெயரில் போய்விடும் என்றார். தாளை நீட்டினார்.

"நிஜம்தானே, மேடம்?"

"கோட்டுக்கு எத்தனை வளைவு கொடுத்தீங்க, சார்?"

"பன்னிரண்டு."

"ஏன் பன்னிரண்டு?"

"குறைச்சா பள்ளம் தெளிவா வரலை."

இன்பவல்லி எழுந்துபோய், கிழக்கே வெளிறிக் கிடந்த நிலவை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பச் சொன்னார்.

சரிவில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இருக்கிற கொஞ்ச நேரத்தில் வெள்ளியையே இன்னொரு தடவை பார்க்கலாமே என்று தணிகாசலம் கெஞ்சினார். காற்றே இல்லாத நிலவில் என்ன இருக்கப்போகிறது?

"ஒண்ணும் இல்லை. அதனாலதான்."

நாலே காலுக்கு மேகம் மூடியது. அதற்குள் நிலவின் ஒளி பதிவாகியிருந்தது.

"அதே கணக்கைப் போடுங்க சார். பன்னிரண்டு வளைவு."

போட்டார். காற்றில்லாத நிலவில், அதே இடத்தில், அதே பள்ளம்.

தணிகாசலம் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தார்; மாறவில்லை. பக்கத்தில் கட்டுரை தயாராகத் திறந்திருந்தது. ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அதை மூடினார்.

"படத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மேடம். அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க என்னைச் சந்தேகப்பட்டிருப்பீங்க, சார்."